குமரி மாவட்டத்துக்கு எந்த பிக்கப் சரிப்படும்: லோடு, ஏற்றம், எஞ்சின், ஏசி

பிக்கப் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வண்டியை முடிவு செய்துவிட்டுத்தான் சரக்கைப் பற்றி யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். என்ன ஏற்றுகிறோம், அது எந்த வழியாகப் போகிறது என்ற இரண்டும் தெளிவானால் எஞ்சின் பாதி முடிவாகிவிடும். ஏசி, பவர் ஸ்டீயரிங், நல்ல சீட் எல்லாம் அதற்குப் பிறகு. ஆனால் அவற்றை ஆடம்பரம் என்று தள்ளிவிடவும் கூடாது. நாள் முழுக்க ஸ்டீயரிங் பிடிக்கிற ஆளுக்கு இடுப்பு போனால், அந்த வண்டி எத்தனை டன் இழுத்தாலும் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

வெளியூர்க்காரர்கள் சொல்லும் யோசனை இங்கே அப்படியே செல்லாது. நம் ஓட்டம் குறுகியது, சாலை நெருக்கமானது. மலையோரம் முழுக்க ஏற்ற இறக்கம், கடற்கரையில் உப்புக்காற்று, வருடத்தில் இரண்டு மழைக்காலம்.

எடையிலிருந்து தொடங்குங்கள்

ஒரு மாதத்தில் பெரும்பாலான நாட்கள் என்ன ஏற்றுகிறீர்களோ அதை எடை போடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வீடு மாற்ற வரும் லோடுக்காகப் பெரிய வண்டி வேண்டாம். அன்றைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். சில கணக்குகள்:

ரப்பர் பால் 200 லிட்டர் பேரல் ஒன்று, இரும்புப் பேரலின் எடையும் சேர்த்து 215 கிலோ பக்கம் வரும். ஆறு பேரல் என்றால் 1,300 கிலோ. தொண்டோடு தேங்காய் ஒன்று 1.2 முதல் 1.5 கிலோ வரை. ஆயிரம் காய் ஏற்றினால் 1.2 டன்னுக்குக் குறையாது. ஏத்தன் (நேந்திரன்) வாழைக் குலை ஒன்று 10, 12 கிலோ என்றால் நூறு குலை ஒரு டன்னுக்கு மேல். சிமெண்ட் 26 மூட்டை 1,300 கிலோ. எம்-சாண்ட் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, நாலரை டன்னுக்குக் குறையாது. கால் யூனிட் 1,100 கிலோவைத் தாண்டும், மழையில் நனைந்திருந்தால் இன்னும் கூடும். கால் யூனிட்தானே என்று முக்கால் டன் வண்டியில் வாரிப் போடும்போதுதான் பட்டை, அதாவது வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் தகடு, ஒடிகிறது.

தோவாளைப் பூவுக்கு எடை பிரச்சினை இல்லை, இடமும் நேரமும்தான் பிரச்சினை. ஏத்தன் குலைக்கு எடையும் உண்டு, இடமும் வேண்டும். நசுங்காமல் அடுக்க தொட்டி எட்டரை அடியாவது நீளம் இருக்க வேண்டும், பக்கப் பலகைக்கு மேல் கம்பி அடைப்பும் வேண்டும். ஆக எடை, நீளம், உயரம் மூன்றையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றைப் பாருங்கள். மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவது சரக்குக்கான அளவு அல்ல. ஓட்டுநரும், கூட ஏறும் லோடுமேனும், நீங்கள் பிறகு வைக்கும் கம்பி அடைப்பும், தார்ப்பாயும் அதற்குள்தான் அடங்க வேண்டும். மொத்த எடை 2,900 கிலோ, வெற்று எடை 1,450 கிலோ என்று போட்டிருந்தால் மிச்சம் 1,450. இரண்டு பேருக்கு 140, கூடுதல் பாடி வேலைக்கு 120 போக 1,190 கிலோதான் சரக்கு. ஒன்றரை டன் வண்டி என்று பேச்சில் சொல்வது காகிதத்தில் இப்படிக் கரைந்துவிடும். பாடி வேலை முடிந்ததும் வெறும் வண்டியை எடைமேடையில் ஏற்றி ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

3,000 கிலோ என்ற எல்லையும் முக்கியம். மொத்த எடை அதற்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. ஒன்றரை டன் வகையில் டாடா இன்ட்ரா வி50 போன்றவை இந்த எல்லைக்குள் நிற்கும்படி அமைந்தவை. பொலேரோ மேக்ஸ் பிக்கப்பின் இரண்டு டன் வகை அதைத் தாண்டிவிடும். தாண்டக் கூடாது என்பதில்லை. தாண்டினால் பெர்மிட் செலவையும் அலைச்சலையும் கணக்கில் சேருங்கள். எஃப்.சி. என்ற தகுதிச் சான்று இரண்டுக்கும் உண்டு: புது வண்டிக்கு முதல் இரண்டு வருடம், பிறகு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பின் வருடந்தோறும். லைசென்ஸ் பற்றிய குழப்பத்தை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்த்துவிட்டது. 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை ஓட்ட எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் போதும். ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஏறிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரே ஒருமுறை பிடிபட்டால் மாத லாபம் போய்விடும்.

பட்டை கூட்டுவது பற்றி

ஓவர்லோடு அடிக்கப் பின்னால் ஒரு பட்டை கூட்டிப் போடுவது நம் ஊரில் சாதாரணம். பட்டை கூடினால் வண்டி தாழாது, அவ்வளவுதான். ஆக்சில், பேரிங், பிரேக், சேசிஸ் எல்லாம் பழையபடியே இருக்கும். இன்னொரு ஆபத்து வெளியே தெரியாது. பல பிக்கப்களில் பின் ஆக்சிலையும் சேசிஸையும் ஒரு கம்பி இணைக்கும். அது எல்எஸ்பிவி என்ற வால்வை இயக்கும். லோடு ஏறி சேசிஸ் தாழும்போது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவது அதன் வேலை. பட்டை கூட்டினால் முழு லோடிலும் சேசிஸ் தாழ்வதில்லை. வண்டி காலி என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பேச்சிப்பாறை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்று வருகிற வண்டியில் மெக்கானிக் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பட்டை மாற்றியே ஆக வேண்டுமென்றால் அந்தக் கம்பியின் நீளத்தையும் சர்வீஸில் சரிசெய்ய வேண்டும்.

வழி எப்படி

மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் வீட்டுக்குப் போகும் இடைவழிகள் இரண்டு மதிலுக்கு நடுவே ஓடும். அங்கே வண்டியின் அகலமும் திரும்பும் ஆரமும் குதிரைத் திறனை விட முக்கியம். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் போன்றவை ஐந்தேகால் மீட்டருக்கு மேல் நீளம், 1.85 மீட்டருக்கு மேல் அகலம், கண்ணாடி இன்னும் வெளியே நீளும். மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் அதை நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலை.

எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தும் வண்டி மாறும். டாடா ஏஸ், மாருதி சூப்பர் கேரி போன்றவற்றில் எஞ்சின் சீட்டுக்கு அடியில். மொத்த நீளம் குறைவு, தொட்டி பெரிது, சந்துக்குள் எளிதாகத் திரும்பும். ஆனால் மதிய வெயிலில் சூடு தொடைக்கு ஏறும், பெல்ட் மாற்றவும் சீட்டைத் தூக்க வேண்டும். பொலேரோ, யோதா மாதிரி முன்னால் பானெட் உள்ளதில் சூடு குறைவு, கை விட்டு வேலை பார்க்கலாம், மோதினால் காலுக்கு முன் கொஞ்சம் இரும்பு இருக்கும். அதற்கு விலையாக நீளம் கூடுகிறது. தினமும் நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று ஓடுகிறவர்களுக்கு பானெட் வண்டி. வடசேரியிலிருந்து கடை கடையாக இறக்குகிறவர்களுக்கு சீட்டுக்கு அடியில் எஞ்சின் உள்ளதே வசதி.

எஸ்டேட் வழி வேறு கதை. கீரிப்பாறை, குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்துச் செம்மண் மழையில் சோப்பு போட்டது போல வழுக்கும். பிக்கப்கள் பெரும்பாலும் பின் சக்கர இழுவை. காலியாக இருக்கும்போது பின்னால் எடை இல்லாததால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. லோடோடு ஏறிவிடுகிற அதே வண்டி காலியாகத் திணறுவதற்குக் காரணம் இதுதான். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் அந்த வழி என்றால் ஃபோர் வீல் டிரைவுக்குச் செலவழிக்க வேண்டாம். பின் ஆக்சிலுக்கு நேர் மேலே நாலு மணல் மூட்டை, நல்ல பள்ளமுள்ள பின் டயர், இரண்டும் போதும். தினமும் என்றால் பொலேரோ கேம்பரின் ஃபோர் வீல் வகையையோ வி-கிராஸையோ பார்க்கலாம். வாங்கும்போது லோ ரேஞ்ச், அதாவது மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கூடுதல் கியர் வசதி, இருக்கிறதா என்று கேளுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்குவது அதனால்தான்.

கிழக்கே போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆடிக் காற்றில் அரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும்போது உயரமான மூடிய பாடி காலியாக இருந்தால் வண்டி பக்கவாட்டில் தள்ளப்படும். காற்றாலைகளை அங்கே நட்டிருப்பது சும்மா இல்லை.

எஞ்சின்

குதிரைத் திறனைப் பார்க்காதீர்கள். இழுவை (டார்க்) எந்த ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது, வருகிறது என்று பாருங்கள். இன்ட்ரா வி50-ன் 1.5 லிட்டர் டர்போ டீசல் 80 எச்பி, 220 நியூட்டன் மீட்டர். மாருதி சூப்பர் கேரியின் 1.2 லிட்டர் பெட்ரோலும் எச்பியில் கிட்டத்தட்ட அதே அளவு. இழுவையோ 104 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 3,000 ஆர்பிஎம் அருகில். டீசல் 1,750-லேயே முழு இழுவையைக் கொடுத்துவிடும். ஏற்றத்தில் நின்று எடுக்கும்போது பெட்ரோலை உறும வைத்து, கிளட்ச்சை அரைவாசி மிதித்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். இப்படி ஓட்டினால் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். சமதளத்தில், முக்கால் டன்னுக்குள், நாகர்கோவிலைச் சுற்றியே ஓட்டம் என்றால் பெட்ரோல் அருமையான தேர்வு. சத்தம் குறைவு, பராமரிப்பும் குறைவு.

கணக்குப் போட ஒரு வழி. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், டீசல் 94 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி 14 கி.மீ., டீசல் 17 கி.மீ. கொடுத்தால் கிலோமீட்டருக்கு 7.29 ரூபாயும் 5.53 ரூபாயும் ஆகும், வித்தியாசம் 1.76. டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் கூடக் கொடுத்தால் அதை மீட்க சுமார் 57,000 கி.மீ. ஓட வேண்டும். மாதம் 1,500 கி.மீ. ஓடுகிறவருக்கு மூன்று வருடத்துக்கு மேல்; 3,000 ஓடுகிறவருக்கு 19 மாதம். அன்றைய விலையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

டீசலில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரிவடிகட்டி வந்தது. சேர்ந்த கரியை அது அவ்வப்போது தானே எரித்துச் சுத்தம் செய்யும். அதற்குப் புகை நன்றாகச் சூடாக வேண்டும். வீட்டிலிருந்து சந்தைக்கு நாலு கி.மீ., அங்கிருந்து கடைக்கு மூன்று கி.மீ., நடுவில் நெரிசலில் அரை மணி நேரம் என்று ஓடினால் சூடு ஏறவே ஏறாது. கரி அடைத்து மஞ்சள் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்தாதீர்கள். அரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு பக்கம் நாற்கரச் சாலையில் 50, 60 கி.மீ. வேகத்தில், ஆர்பிஎம் 2,000-க்குக் குறையாமல் 15, 20 நிமிடம் ஓட்டுங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். விளக்கை மறந்துவிட்டு அப்படியே ஓட்டினால் வண்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு சர்வீஸ் சென்டரில் கணினி இணைத்துத்தான் எரிக்க வேண்டும்.

எரியும் நேரத்தில் அந்த வடிகட்டிக்குள் 600 டிகிரி தாண்டும். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் தை, மாசி மாதங்களில் தோட்டத்துக்குள் காய்ந்த சருகின் மேல் அந்தச் சூட்டோடு வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். சருகை ஒதுக்கிவிட்டு, வெறும் மண்ணில் நிறுத்துங்கள்.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். டிபிஎஃப் உள்ள எஞ்சினுக்குச் சாம்பல் குறைந்த வகை ஆயில்தான் ஊற்ற வேண்டும். கையேட்டில் தரம் போட்டிருக்கும். விலை குறைவு என்று பழைய டீசல் ஆயிலை ஊற்றினால் அதன் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும், அது எரியவே எரியாது. புகையைச் சுத்தம் செய்யத் தனித் தொட்டியில் ஊற்றும் டெஃப் என்ற யூரியா திரவம் கேட்கும் எஞ்சின் என்றால் அதன் தொட்டி மூடி நீலமாக இருக்கும். அதில் டீசலோ, டீசல் தொட்டியில் டெஃப்போ தவறிப் போய் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்டார்ட் செய்துவிட்டால் செலவு பல மடங்கு. மழைக்காலத்தில் டீசல் வடிகட்டியின் அடியில் சேரும் தண்ணீரை மாதம் ஒருமுறை திறந்து விடுவதும் வழக்கமாகட்டும்.

சிஎன்ஜி வாங்குவதற்கு முன் உங்கள் தினசரி வழியில் பங்க் எத்தனை, எத்தனை மணிக்கு வரிசை குறைகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். சிலிண்டர் எடையால் சரக்கு அளவு குறையும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரை அழுத்தச் சோதனைக்குக் கழற்ற வேண்டும், அந்த நாட்களில் வண்டி ஓடாது. ஏற்றத்தில் பெட்ரோலை விடவும் சோர்வாகவே இருக்கும்.

மின்சார வண்டி யாருக்கு என்றால், ஒரே வட்டத்தில் சுற்றி இரவில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு. 2022-ல் டாடா அறிமுகப்படுத்திய ஏஸ் இவியில் 21.3 கிலோவாட் மணி பேட்டரி, சான்றளித்த தூரம் 154 கி.மீ. லோடு, ஏற்றம் எல்லாம் சேர்த்தால் நூறு கி.மீ.யை நம்பித் திட்டமிடுங்கள். நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கிடைப்பதால் ஏற்றத்தில் இது சிறிய பெட்ரோல் வண்டியை முந்திவிடும் என்பது பலர் எதிர்பார்க்காதது.

ஏசியும் சீட்டும்

2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். ஆனால் அது மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேல் உள்ளவற்றுக்குத்தான். சிறிய பிக்கப்பில் ஏசி உங்கள் விருப்பம். விற்பனையாளர் சட்டம் வந்துவிட்டது என்று சொன்னால் மொத்த எடையைக் கேளுங்கள்.

இந்த மாவட்டத்தில் ஏசியின் முதல் வேலை குளிர்ச்சி அல்ல, கண்ணாடி. ஐப்பசி மழையில் மூடிய கேபினுக்குள் இரண்டு பேர் உட்கார்ந்தால் முன் கண்ணாடி ஆவி படிந்து எதிரே வருவது தெரியாது. துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவதும் ஏசியை இரண்டு நிமிடம் போடுவதும் ஒன்றல்ல. 80 எச்பி எஞ்சினில் ஏசியின் சுமை பெரிதாகத் தெரியாது. சிறிய இரண்டு சிலிண்டர் எஞ்சினில் ஏற்றத்தில் அணைத்துவிட்டுத்தான் ஏற வேண்டியிருக்கும்.

பவர் ஸ்டீயரிங்கைக் கட்டாயம் எடுங்கள். மின் வகை என்றால் எண்ணெய் ஒழுக்கு என்ற பேச்சே இல்லை. சீட்டைப் பொறுத்தவரை முன்பின் நகர்கிறதா, முதுகு சாய்கிறதா, தொடைக்கு முழுத் தாங்கல் கிடைக்கிறதா என்று பாருங்கள். மெத்தையின் தடிமன் ஏமாற்றும்.

டபுள் கேபின் வேண்டுமா என்பது ரப்பர் பால்வெட்டுக்கு ஆள் கூட்டிப் போகிறவர்களின் கேள்வி. தொட்டியில் ஆளை ஏற்றுவது சட்டப்படி குற்றம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். ஐந்து சீட் வேண்டுமென்றால் டபுள் கேபின்தான் நேர்மையான வழி. தொட்டி ஐந்து அடிக்குச் சுருங்கும். அதோடு ஹைலக்ஸ், வி-கிராஸ் வகையில் மொத்த எடையிலிருந்து வெற்று எடையையும் ஐந்து பேரையும் கழித்துப் பார்த்தால் சரக்குக்கு மிஞ்சுவது ஏமாற்றமாக இருக்கும். ஹைலக்ஸ் 204 எச்பி என்பதால் இரண்டு டன் ஏற்றலாம் என்று நினைக்க வேண்டாம். அவை குடும்பத்தோடு ஊர் சுற்றவும் எஸ்டேட் மேற்பார்வைக்கும் நல்ல வண்டிகள். சந்தை வண்டிகள் அல்ல.

ஓட்டிப் பார்க்கும்போது

காலி வண்டியை நாற்கரச் சாலையில் ஓட்டிக் காட்டுவார்கள். அதில் ஒன்றும் தெரியாது. உங்கள் சரக்கிலேயே முக்கால் லோடு ஏற்றி, உங்கள் வழியில் ஓட்டக் கேளுங்கள். ஏற்றத்தின் நடுவில் ஹேண்ட் பிரேக்கில் நிறுத்துங்கள். பின்னால் உருளாமல், எஞ்சின் அலறாமல் முதல் கியரில் கிளம்ப வேண்டும். பிறகு அதே ஏற்றத்தில் ரிவர்சில். அடுத்து இரண்டாம் கியரில் 15 கி.மீ. வேகத்துக்கு இறக்கி மெல்ல ஆக்சிலேட்டர் கொடுங்கள். உதறாமல் இழுத்தால் நெரிசலுக்கு ஏற்ற எஞ்சின். லோடு ஏற்றும்போது பேரல்களைப் பின் ஆக்சிலுக்கு முன்பக்கமாக வையுங்கள். பின்னால் தள்ளி வைத்தால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும், இரவில் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். அரைவாசி நிரம்பிய பால் பேரல் வளைவில் ஆடும், முழுக்க நிரப்பி, மூடியிட்டுக் கட்டுங்கள்.

கடற்கரை வண்டிக்கு

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களுக்கு மீன் எடுக்கப் போகிற வண்டி எஞ்சின் கெட்டுச் சாவதில்லை, துருப்பிடித்துச் சாகிறது. ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் தொட்டியின் மூலையில் தேங்கி, சேசிஸ் மேல் சொட்டும். தொட்டிக்குள் ஃபைபர் உறை போட்டு, தண்ணீரை ஒரே குழாய் வழியாக சேசிஸுக்கு அப்பால், மூடக்கூடிய கேனில் விடுங்கள். சாலையில் ஒழுகினால் பின்னால் பைக்கில் வருகிறவர் வழுக்கி விழுவார். அடிப்பகுதி பூச்சை வண்டி டெலிவரி எடுத்த வாரமே அடித்துவிடுங்கள், உப்பு ஏறிய பிறகு அடித்தால் உள்ளேயே துரு வளரும். பூசுகிறவர் சேசிஸின் வடிகால் துளைகளை அடைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள்.

துறைமுகத்துக்குப் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவ வேண்டும். பிரேக் குழாய், பட்டையின் யூ-போல்ட், ஹேண்ட் பிரேக் கேபிள், எர்த் வயர் இணைப்பு, பேட்டரி முனை ஆகியவைதான் முதலில் அரிக்கும் இடங்கள். யூ-போல்ட் நட்டுகளை முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். புதுப் பட்டை அமர்ந்ததும் அவை தளர்ந்துவிடும், தளர்ந்த யூ-போல்டோடு லோடு அடித்தால் நடுப் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்துவிடும்.